ஒரு விருந்து, மூவகை இரசம்

உரோமையர் தம் இல்லங்களில் மாலை விருந்து நடத்திய முறையை அறியாதவரையில், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரம் நமக்கு முழுமையாக விளங்குவதில்லை. ஆண்டவரின் திருவிருந்துக்கென ஒன்றுகூடிய இடத்தில் சிலர் பசியோடிருக்க, வேறு சிலர் குடிமயக்கத்தில் இருந்ததை அங்கே திருத்தூதர் கடிந்துரைக்கிறார். ஒரே வீட்டில், ஒரே வேளையில் இது எவ்வாறு நிகழ முடியும்? அக்காலத்து வீட்டின் அமைப்பையும் இரசத்தின் தரவரிசையையும் சிறிது நோக்குவோம்.

வசதி படைத்தோர் இல்லத்தின் விருந்தறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இடப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மூவராக ஒன்பது பேர் இடக்கையை ஊன்றிச் சாய்ந்தவாறு உண்பர். எவருக்கு எந்த இடம் என்பதை அவரவர் தகுதியே முடிவு செய்தது. இரசத்தில் நீர் கலந்தே பருகினர். கலக்காமல் பருகுவது நாகரிகமற்றோர் செயலாகக் கருதப்பட்டது. தென் இத்தாலியின் காம்பானியாப் பகுதியில் விளைந்த ஃபலேர்னிய இரசமே உயர்ந்தோர் விருந்துகளின் பெருமை. கி.மு. 121-ஆம் ஆண்டு அறுவடையில் பிழிந்த இரசம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தேன்போல் இறுகிய நிலையில் இருந்ததாக மூத்த பிளினி எழுதியுள்ளார். அதே காம்பானியாவின் இரசச் சாடிகளுடைய உடைந்த துண்டுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாடலும் அறியும்.

வரிசையின் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு இப்பெருமை எட்டவில்லை. பழத்தைப் பிழிந்தபின் எஞ்சிய சக்கையை நீரில் ஊறவைத்து எடுத்த மெலிந்த பானத்தையே அறுவடைக்குப் பிந்திய மூன்று மாதங்களுக்கு அடிமைகளுக்குக் கொடுக்கலாம் என்று காத்தோ தம் வேளாண் நூலில் கணக்கிட்டுச் சொல்கிறார். படைவீரர்கள் புளித்த இரசத்தில் நீர் கலந்து பருகினர். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவருக்குக் கடற்பஞ்சில் தோய்த்து நீட்டப்பட்டதும் இந்த ஏழைப் பானமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இத்தரவரிசை ஒரே விருந்துக்குள்ளும் புகுந்திருந்தது. இளைய பிளினி, முதல் நூற்றாண்டின் இறுதியில் தாம் உண்ட ஒரு விருந்தைப் பற்றி இளம் நண்பர் ஒருவருக்கு மடல் எழுதினார். அவ்வீட்டுக்காரர் இரசத்தைச் சிறு குப்பிகளில் மூவகையாகப் பிரித்து வைத்திருந்தார்: தமக்கும் பிளினி போன்றோருக்கும் ஒன்று, தகுதி குறைந்த நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகளுக்கு வேறொன்று. பிளினி இதை வெறுத்தார். தம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே இரசம்தான் என்றார். அது பெருஞ்செலவாயிற்றே என்று பக்கத்தில் சாய்ந்திருந்தவர் கேட்டபோது, தம் முன்னாள் அடிமைகள் தமது இரசத்தைப் பருகுவதில்லை, தாமே அவர்களுடைய இரசத்தைப் பருகுவதாக விடை சொன்னார். இந்த விடையில் நேர்மையும் இருக்கிறது, சிறிது தன்னிறைவும் இருக்கிறது.

வீட்டில் இவ்வாறு இருக்க, தெருவோர உணவுக்கடைகளின் வழக்கம் வேறாக இருந்தது. நகரத்து எளியோரில் பலருடைய குடியிருப்பில் அடுப்பே இல்லை. அவர்களுக்குக் கடைதான் சமையலறை. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் கடையொன்றில், ஒரு காசுக்குச் சாதாரண இரசம், இரண்டு காசுக்கு நல்லது, நான்கு காசுக்கு ஃபலேர்னியம் என்ற பொருள்படச் சுவரில் எழுதியிருக்கக் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டு அதே நகரில் முழுமையாக வெளிக்கொணரப்பட்ட இன்னொரு கடையின் இரசச் சாடியில் அரைத்த அவரைப் பருப்பு கிடந்தது. இரசத்தின் சுவையையும் நிறத்தையும் திருத்தும் உத்தி அது. கண்ணியமானோர் இக்கடைகளை இகழ்ந்தனர்; பேரரசர் நீரோ, காய்கறியும் பருப்பும் தவிரச் சமைத்த உணவு எதையும் அங்கே விற்கலாகாது என ஆணையிட்டார். ஆயினும் நான்கு காசு வைத்திருந்த அடிமைக்கு அங்கே ஃபலேர்னியம் மறுக்கப்பட்டிருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது. பெரிய வீட்டின் விருந்தில் அவனிடம் எத்தனை காசு இருந்தும் பயனில்லை.

இனிக் கொரிந்துக்கு வருவோம். அங்கே திருச்சபைக்கென்று கோவில் கட்டடம் இல்லை. காயு போன்ற வசதியுள்ளோர் தம் வீட்டைத் திறந்துவிட்டனர். மஞ்சங்களோ ஒன்பது பேருக்குத்தான். நேரமும் ஓய்வும் உள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்ணத் தொடங்கியிருப்பர். வேலை முடிந்து வரும் கூலியாளும் தலைவனின் அனுமதி பெற்று வரும் அடிமையும் முற்றத்தை அடையும்போது பாத்திரம் காலியாகியிருக்கும். வீட்டுக்காரர் தீய எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஊர் வழக்கப்படியே செய்தார். அந்த ஊர் வழக்கத்தைத்தான் பவுல், இல்லாதவரை நாணச் செய்வது என்றும் கடவுளின் சபையை இழிவுபடுத்துவது என்றும் கண்டார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். பசிப்பவர் தம் வீட்டிலேயே உண்டு வரட்டும் என்றார்.

கொரிந்து நமக்கு அப்படியொன்றும் தொலைவான ஊர் அன்று. பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு எனச் சாதிக்கேற்ப எழுப்பப்பட்ட வடக்கன்குளம் ஆலயத்தின் நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. திருவிழா நாளில் பிரமுகர்களுக்கு மட்டும் உள்ளறையில் தனிப்பந்தி போடும் பழக்கத்தை நாம் எந்தத் திருமுகத்திலிருந்து கற்றோமோ, தெரியவில்லை!

வரலாறு பிளினியை மீண்டும் ஒருமுறை நம்முன் நிறுத்துகிறது. ஏறத்தாழ கி.பி. 112-இல் பித்தினியாவின் ஆளுநராக இருந்த அவர், கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடிப் போற்றுவர். பின்னர் மறுபடியும் கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்பர். சங்கங்களைத் தடைசெய்த தமது ஆணைக்குப் பின் அதையும் விட்டுவிட்டனர் என்று விசாரணையில் அறிந்தார். உண்மையைக் கறக்கப் பணியாளர்கள் எனப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைக்கச் செய்தார். விசுவாசத்தில் உறுதியாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். முன்னாள் அடிமையின் இரசத்தைத் தாமும் பருகியதைப் பெருமையோடு எழுதிய அதே கை இதையும் எழுதியது. அடிமைப் பெண் பணியாளராக விளங்கும் பந்தி ஒன்று தம் கண்ணெதிரே இருந்ததை அவர் அறியவில்லை.

நாளடைவில் மாலை உணவு வேறு, நற்கருணை வேறு என்றாயிற்று. 155-ஆம் ஆண்டளவில் உரோமையில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் அப்பமும், நீர் கலந்த இரசமும் கொண்டுவரப்பட்டதையும், வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அவற்றை எடுத்துச் சென்றதையும் குறிக்கிறார். உரோமையர் உணவு வேளையில் நீர் கலந்த அந்த வழக்கமே இன்றும் திருப்பலியில் அருட்பணியாளர் கிண்ணத்தில் விடும் சில துளிகளாக நிற்கிறது.

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் இத்துளிகளுக்கு ஒரு விளக்கம் தந்தார். இரசம் கிறிஸ்துவின் இரத்தம், நீர் மக்கள். கலந்தபின் இரண்டையும் பிரிக்க இயலாது. அவர் அதை எழுத நேர்ந்த காரணமும் குறிப்பிடத்தக்கது. சிலர் கிண்ணத்தில் நீரை மட்டும் வைத்து வழிபட்டு வந்தனர். காலையிலேயே இரசம் மணத்தால் கிறிஸ்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சமும் சிலருக்கு இருந்தது. கிறிஸ்துவின் இரத்தத்தைப் பருக நாணுவோர் அவருக்காகத் தம் இரத்தத்தைச் சிந்துவது எப்படி என்று ஆயர் கேட்டார். 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.