வெள்ளி நீங்கியும் பெயர் நீங்காத காசு

மலேசியத் தமிழர் தம் நாட்டுப் பணத்தை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். செமினியில் கீரை வாங்குவோரும் பிரிக்பீல்ட்சில் பட்டு வாங்குவோரும் 'ஐந்து வெள்ளி', 'நூறு வெள்ளி' என்பர். ஆயினும் இன்று கைமாறும் தாளிலோ சில்லறையிலோ வெள்ளி அணுவளவும் இல்லை. உலோகம் மறைந்த பின்னும் சொல் நிலைத்த வரலாறு அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவில் மெக்சிகோ முதலிய அயல்நாடுகளின் வெள்ளி நாணயங்கள் புழங்கின. ஸ்பானிய நாணய விளிம்பின் பல்வரிசையே மலாய்மொழிக்கு 'ரிங்கிட்' என்னும் பெயரைத் தந்தது. 1903-இல் நீரிணைக் குடியேற்ற அரசு தனக்கென டாலர் நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதன் எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தூய வெள்ளி. 1906-இல் அதன் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என வரையறுக்கப்பட்டது. வெள்ளி விலையோ ஏறியது. காசை உருக்கி விற்றால் முகமதிப்பினும் மிகுதி கிடைக்கும் என்னும் அச்சம் எழவே, 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த நாணயத்தின் எடை 16.85 கிராம், அதிலும் பாதியே வெள்ளி. இவ்வாறு, 24 கிராமுக்கு மேல் இருந்த தூய வெள்ளி எட்டரைக் கிராமுக்கும் குறைந்தது. பெயர் மட்டும் 'ஒரு வெள்ளி' என்றே நின்றது. 1948-இல் பத்துக் காசும் இருபது காசும் செம்பு-நிக்கல் கலவைக்கு மாறின.

பின்னாளில் வெள்ளி, நினைவு நாணயங்களில் மட்டும் இடம்பெற்றது. காட்டெருமை பொறித்த பதினைந்து ரிங்கிட்டும், இருவாய்ச்சி பொறித்த இருபத்தைந்து ரிங்கிட்டும் 1976-இல் வெளிவந்தன. அவை சந்தைக்குச் செல்லாமல் பேழைக்குள் சென்றன. எனவே அவற்றின் விலையைக் கடைத்தெரு அன்று, நாணய வணிகரே உறுதிசெய்கின்றனர்.

வணிகர் நோக்குவன மூன்று: உலோக எடை, அருமை, தரம். தரத்தை அளக்க, அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் 1 முதல் 70 வரை எண்வரிசை வகுத்தார். 1980-களின் பிற்பகுதியிலிருந்து தனி நிறுவனங்கள் நாணயத்தை ஆய்ந்து, எண் குறித்து, நெகிழிப் பேழையில் முத்திரையிட்டுத் தருகின்றன. ஆனால் புதுக்காசுகள் பல உயர்ந்த எண்ணையே பெறுவதால், எண் ஒன்றே அருமைக்குச் சான்றாகாது. விற்க வருவோர் வணிகரின் விற்பனை விலையை எதிர்பார்த்தலும் பொருந்தாது. இடையே உள்ள வேறுபாடே அவர்தம் பிழைப்பு.

பழங்காசின் நிலை வேறு. 1980 சனவரியில் வெள்ளி ஓர் அவுன்சு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரைத் தொட்டது. மார்ச்சு இறுதியில் 11 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அவ்விலையேற்றத்தில் உலகெங்கும் எண்ணற்ற நாணயங்கள் உலையில் கரைந்தன. விலை இறங்கியது, கரைந்தவை மீளவில்லை.

ஆதலின், பாட்டியின் பெட்டியில் கிடைக்கும் காசைப் புளியிட்டுத் துலக்குதலும், ஆண்டு பாராமல் எடைக்கு விற்றலும் தகா. துலக்கிய காசின் தரம் தாழும்; உருக்கிய காசின் வரலாறு அழியும். 'வெள்ளி' என்னும் சொல்லை நாவில் காத்த மக்கள், அச்சொல்லுக்குப் பிறப்பிடமான காசையும் அறிந்தே கைவிடுதல் வேண்டும்.