அறுபது பலகைகளில் ஒரு மக்களின் பயணம்: ஓவியர் ஜேக்கப் லாரன்சை முன்வைத்துச் சில சிந்தனைகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவது பல இடங்களில் வழக்கம். நம் அரங்கில் அப்படி இல்லை. மறைந்தவர் விட்டுச்சென்ற வேலையில் ஒரு பகுதியையாவது தோளில் எடுத்துக்கொள்வதைத்தான் நாம் நினைவுகூர்தல் என்கிறோம். கவிதை, சிறுகதை, தன்வரலாறு பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஓவியம் பற்றிப் பேசியது குறைவு. அந்தக் குறையை இன்று கொஞ்சமாவது தீர்த்துக்கொள்வோம்.

படைப்பாற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சாதியச் சமூகத்திடம் ஆயத்தமான இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று தெய்வ அருள். இன்னொன்று பரம்பரை. இரண்டிலும் நமக்கு இடமில்லை. தோலைப் பதப்படுத்திப் பறைக்கு இழுத்துக் கட்டியவர்களும், கோரையில் பாய் முடைந்தவர்களும், சுடுமண்ணில் குதிரை செய்தவர்களும் செய்ததற்குத் 'தொழில்' என்று பெயர். மற்றவர்கள் செய்தால் அது 'கலை'. ஓவியம் படிக்கப்போன நம் பிள்ளைகள் சேரியை வரைந்தால், "உங்களுக்கு எப்போதும் இதே சப்ஜெக்ட்தானா?" என்று கேட்கிறார்கள். வரையாவிட்டால், சொந்த மக்களை மறந்துவிட்டான் என்று நாமே கேட்கிறோம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒரு கறுப்பின ஓவியரின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜேக்கப் லாரன்ஸ் 1917இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே வந்தவர்கள். குடும்பம் பிரிந்தது. தாய் நியூயார்க்கில் வேலை தேட, பிள்ளைகள் சில காலம் பிறர் பராமரிப்பில் வளர்ந்தார்கள். 13 வயதில்தான் லாரன்ஸ் ஹார்லெமில் தாயோடு சேர்ந்தார். தாய் வீட்டுவேலைக்குப் போனார். பள்ளி விட்ட பிறகு பையன் தெருவில் சுற்றக்கூடாது என்று ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். மகன் தபால்காரனாகி நிலையான சம்பளம் வாங்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. இந்தத் தாயை நமக்குத் தெரியும். நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்.

அந்தச் சிறுவர் இல்லத்தில் சார்லஸ் ஆல்ஸ்டன் என்ற கறுப்பின ஓவியர் பாடம் எடுத்தார். அவர் பையனின் கையைப் பிடித்துத் திருத்தவில்லை. இப்படித்தான் வரைய வேண்டும் என்று மாதிரியும் வைக்கவில்லை. லாரன்ஸ் அட்டைப்பெட்டிகளுக்குள் ஹார்லெம் தெருக்களை வரைந்து சின்னச் சின்ன மேடைகள் செய்துகொண்டிருந்தார். அதைச் செய்ய விட்டதுதான் ஆசிரியரின் பெரிய பங்களிப்பு. படிப்பைப் பாதியில் நிறுத்தி, சலவைக்கடையிலும் அச்சகத்திலும் வேலை செய்த காலத்திலும் லாரன்ஸ் ஆல்ஸ்டனின் பட்டறைக்குப் போவதை விடவில்லை. எழுத்தாளர்களும் நடிகர்களும் ஓவியர்களும் கூடிப் பேசிய இடம் அது. பேச்சைக் கேட்டபடியே ஒரு மூலையில் வரைந்துகொண்டிருந்தவர் அவர்.

அடுத்து நூலகம். ஹார்லெமின் 135ஆம் தெரு நூலகத்தில் கறுப்பின வரலாறு குறித்த நூல்களும் ஆவணங்களும் சேகரிக்கப்பட்டிருந்தன. பள்ளிப் பாடத்தில் இல்லாத தன் வரலாற்றை லாரன்ஸ் அங்கே படித்தார். ஹெய்ட்டியில் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய தூசான் லூவெர்த்யூரைப் பற்றிப் படித்தபோது, இவ்வளவு பெரிய கதையை ஒரே ஓவியத்தில் சொல்ல முடியாது என்று தோன்றியது. 1938இல் 41 ஓவியங்கள் கொண்ட தொடராக அதை முடித்தார். அப்போது அவருக்கு வயது 21தான். தொடர்ந்து பிரெடரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன் ஆகியோரைப் பற்றிய தொடர்கள் வந்தன. பழைய காலத்தின் மீதுள்ள ஆசையால் இவற்றை வரையவில்லை, இன்றைய கறுப்பின மக்களின் நிலையோடு இவை கட்டுண்டவை என்பதால்தான் வரைந்தேன் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார்.

மூன்றாவது கூலி. நாம் அடிக்கடி மறந்துவிடுகிற சங்கதி இது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையில்லாத கலைஞர்களுக்கும் சம்பளம் கொடுத்து வேலை வாங்கியது. சிற்பி அகஸ்டா சாவேஜ், லாரன்சை அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மறக்காமல் மறுபடியும் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். வாரம் ஏறக்குறைய 24 டாலர் சம்பளம். தன்னை ஓவியனாக்கியது அந்த வேலைதான் என்று லாரன்ஸ் பின்னாளில் நன்றியோடு சொன்னார். ஓர் ஆசிரியர், ஒரு நூலகம், ஒரு சம்பளம், கூட நின்ற ஒரு சமூகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியதற்குத்தான் பிறகு உலகம் 'மேதைமை' என்று பெயர் வைத்தது.

1940இல் கிடைத்த ஓர் உதவித்தொகையைக் கொண்டு லாரன்ஸ் தன் மிகப் பெரிய தொடரைத் தொடங்கினார். தென்மாநிலங்களின் பருத்திக்காடுகளிலிருந்தும் நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் தப்பி, கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு இடம்பெயர்ந்த வரலாறு அது. முதல் உலகப்போர்க் காலத்தில் வேகம்பிடித்த அந்தப் பெயர்வில் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஊரை விட்டுப் போனார்கள். லாரன்ஸ் அதை 60 சிறு பலகைகளில் வரைந்தார். ஒவ்வொன்றும் 18க்கு 12 அங்குலம். முதலில் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டொரு வரியில் விளக்கம் எழுதிக்கொண்டார். அந்த வரிகளை எழுதவும், பலகைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசவும் உடன் உழைத்தவர் ஓவியரும் அவருடைய வருங்கால மனைவியுமான குவெண்டலின் நைட். வரலாறு அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறது. நாம் அப்படிச் செய்யக்கூடாது.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓர் ஓவியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. அறுபதையும் சேர்த்தே வைத்துக்கொண்டு, ஒரு வண்ணத்தை எடுத்தால் அது தேவைப்படும் எல்லாப் பலகைகளிலும் பூசி முடித்த பிறகே அடுத்த வண்ணத்தைத் தொட்டார். அடர்ந்த வண்ணத்தில் தொடங்கி வெளிர் வண்ணத்துக்கு வந்தார். அதனால்தான் முதல் பலகையில் ரயில் நிலையத்தில் முண்டியடிக்கும் கூட்டமும், கடைசிப் பலகையில் தண்டவாளத்தோரம் காத்துநிற்கும் கூட்டமும் ஒரே மக்களாகத் தெரிகிறார்கள். இதில் தனித்த நாயகன் யாரும் இல்லை. நாயகன் என்றால் அந்த மக்கள் திரள்தான். உத்வேகம் வரட்டும் என்று காத்திருக்கிறவரால் இப்படி வேலை செய்ய முடியாது. களத்தில் இறங்கி நாற்று நடுகிறவருடைய ஒழுங்கு இது.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானது அல்ல. மகாத்மா ஃபுலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டி இருக்கிறது. தெற்கிலிருந்து ரயில்கள் மக்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் கொடுத்த பதிலை நாம் அறிவோம். ஊரை விட்டுப் போவது நமக்கு வெறும் பிழைப்புத் தேடல் அல்ல. அது ஒரு மறுப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், கோலார் தங்கவயலுக்கும், தாராவிக்கும் நம் முன்னோர் போன பாதைகளில் பஞ்சம் மட்டுமா இருந்தது? சாதியும் இருந்தது.

இப்போது நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி. வன்கொடுமை நடந்த மறுநாள் நாம் சுவரொட்டி அடிக்கிறோம். வெட்டுண்ட உடலின் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம். ஆத்திரத்தில்தான் செய்கிறோம். ஆனால் அந்த உடல் யாருடையதோ அந்த வீட்டார் பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்க்க நேர்வதை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? லாரன்சின் 15ஆம் பலகை, கும்பல் சேர்ந்து கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றியது. அதில் உடல் இல்லை. வெறும் கிளை, அதில் ஒரு சுருக்குக்கயிறு, கீழே கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், அவ்வளவுதான். கொலைகாரர்கள் அந்த உடலை வேடிக்கைப் பொருளாக்கினார்கள். படம் எடுத்து அஞ்சலட்டையாகக்கூட விற்றார்கள். லாரன்ஸ் அந்த வேடிக்கையை மறுத்தார். பார்க்கிறவரைத் துக்கத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் தாய், மகனின் சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். அந்தப் படம் ஒரு தலைமுறையை எழுப்பியது. அப்படியானால் எது சரி? காட்டுவதா, மறைப்பதா என்பதை விட, முடிவெடுப்பது யார் என்பதே முதல் கேள்வி என்று நாம் நினைக்கிறோம். டில் விஷயத்தில் முடிவெடுத்தவர் தாய். நாம் சுவரொட்டி அடிக்கும்போது எந்தத் தாயைக் கேட்டோம்? இதை இயக்கத்துக்குள் பேசியே ஆக வேண்டும்.

வடக்கே போனவுடன் விடிந்துவிட்டது என்றும் லாரன்ஸ் பொய் சொல்லவில்லை. 49ஆம் பலகையில் ஓர் உணவகம். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே உட்கார்ந்திருக்க, நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு தடுப்பு வளைந்து வளைந்து போகிறது. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு அந்தத் தடுப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த பலகைகளில் கலவரம் வருகிறது, குடியிருப்புகளில் குண்டு விழுகிறது. ஆனால் 58ஆம் பலகையில் மூன்று சிறுமிகள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொடுமை, கல்வி இரண்டையும் ஒரே வண்ணக் கிண்ணத்திலிருந்து எடுத்துத்தான் வரைந்திருக்கிறார்.

1941இல் அந்தத் தொடர் நியூயார்க்கின் பெயர்பெற்ற கலைக்கூடம் ஒன்றில் வைக்கப்பட்டது. இரண்டு அருங்காட்சியகங்கள் அதை வாங்கிப் பங்குபோட்டுக்கொண்டன. இரட்டைப்படை எண்கள் நியூயார்க்குக்கு, ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனுக்கு. புகழ் வந்தது. அதோடு பாரமும் வந்தது. 1949இல் மனச்சோர்வுக்காக அவர் தானாகவே மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்த சக நோயாளிகளையும் வரைந்தார். நம் படைப்பாளிகள் சோர்ந்துபோனால் அதைப் பலவீனம் என்று முணுமுணுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தச்சர்களையும் கட்டடத் தொழிலாளர்களையும்தான். 2000இல் மறையும் வரை அந்த ஆர்வம் குறையவில்லை. உளி, சுத்தியல், இழைப்புளி ஆகியவற்றைத் தன் பட்டறையில் சேர்த்துவைத்து அவற்றின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைப் பிடித்த கையைத் தீட்டு என்றும் இழிவு என்றும் சொன்ன நாட்டில், தோல் சீவும் கத்தியையும் பறையடிக்கும் குச்சியையும் அப்படிப் பார்த்து வரைய எத்தனை பேர் இருக்கிறோம்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதை வரைவது என்று தெரியவில்லை என்றால், வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினீர்கள், எந்த மாதம், எந்த ரயில், கையில் என்ன மூட்டை, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு காட்சிக்கு இரண்டு வரியாக எழுதுங்கள். பத்து காட்சி சேர்ந்தால் பத்து அட்டை போதும். தாளும் வண்ணமும் வாங்கித் தருவதும், உட்கார்ந்து வரைய ஓர் அறையைத் திறந்துவைப்பதும், நூல்களைச் சேர்த்துவைப்பதும் நம் அமைப்புகளின் வேலை. அதைச் செய்யாமல், நம்மில் ஏன் ஓவியர்கள் குறைவு என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

ஜெய்பீம்.