சிக்னலுக்கும் வாய் இருந்தது

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருக்கார். (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை பாண்டியில அப்படித்தான் சொல்வோம்.) வயசு எண்பதைத் தாண்டியாச்சு. கிளாக்கோமா வந்து ரெண்டு கண்ணும் போய் பதினைந்து வருஷம் இருக்கும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனா வெள்ளைக் கோலைத் தட்டிக்கிட்டு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குத் தனியாத்தான் போவார்.

"எப்படி தாத்தா வழி தெரியுது?"ன்னு ஒருமுறை கேட்டேன். "நம்ம ஊரு கட்டம் போட்ட நோட்டுப்பா. மூலையை எண்ணிக்கிட்டே போனா சரியா போய்ச் சேரும்" என்றார். உண்மைதான். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் பாண்டியைப் பிடித்து வைத்திருந்தபோது போட்ட நேர்க்கோட்டுத் தெரு வரைபடம் அது. ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அதையே வளர்த்தார்கள். பழைய ஊருக்குள் பெரும்பாலும் வீதியும் வீதியும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும். கண் தெரியாதவருக்கு இதைவிட வசதியான ஊர் அமைப்பு கிடைக்காது.

கடப்பதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தார். தனக்கு முன்னால் குறுக்கே ஓடும் வண்டிச் சத்தம் அடங்க வேண்டும். பக்கவாட்டில், தான் போகும் திசையிலேயே வண்டிகள் 'உர்ர்'னு கிளம்ப வேண்டும். அந்த நொடியில் காலை எடுத்து வைப்பார். கூடவே சிவப்பு கெபி தொப்பி போட்ட போலீஸ்காரரின் விசில். நீளமா ஒண்ணு ஊதினா நில்லு, வெட்டி வெட்டி ஊதினா போ. அவர் காதுக்குப் பழகின கணக்கு அது.

சிக்னல் வந்தது, விசில் குறைஞ்சுது. இடதுபக்கம் எப்ப வேணா திரும்பலாம் என்று ஆனபிறகு பக்கவாட்டுச் சத்தத்தையும் நம்ப முடியவில்லை. பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்ததும் சத்தமே இல்லாமல் போச்சு. அப்படி ஒரு வண்டிதான் ஒருநாள் தாத்தாவைத் தட்டிவிட்டது. முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா அதோட சண்டே மார்க்கெட் நின்னுபோச்சு.

போன வருஷம் பாரிசில் இருக்கும் பொண்ணு வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது கட்டைவிரல் அளவில் ஒரு ரிமோட் கொண்டுவந்திருந்தார். அங்கே சிக்னல் கம்பத்துப் பக்கத்தில் போய் அழுத்தினால் கம்பம் பேசுமாம். நடப்பவருக்கு சிவப்பு என்றால் 'சிவப்பு' என்று சொல்லி வீதியின் பேரையும் சொல்லும். பச்சை என்றால் ஒரு சின்ன மெட்டு பாடும். அழுத்தாதவரை சும்மா இருக்கும் என்பதால், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தூக்கம் கெடாது. 2005 பிப்ரவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு இது நிறைய பரவியது. பல நகராட்சிகள் ரிமோட்டை இலவசமாகவே கொடுக்கின்றன.

தாத்தாவைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனபோது நம்ம சிக்னலில் நின்று அதை எடுத்து அழுத்தினார். ரெண்டு தடவை. "இது ஊமையா இருக்கேப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிக்னல் எப்போதிலிருந்து ஊமை என்று தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

தேடினால் ஆச்சரியம். சிக்னல் பிறக்கும்போது ஊமை இல்லீங்க!

(அதுக்கும் முன்னாடி 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றம் பக்கத்தில் கேஸ் விளக்கு வைத்து ஒன்று நட்டார்கள். அடுத்த மாசமே கேஸ் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரருக்குக் காயம். அதோட கதை முடிஞ்சுது.)

மின்சார சிக்னல் 1914 ஆகஸ்ட் 5ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்தது. சிவப்பு, பச்சை விளக்குகள், கூடவே நிறம் மாறப்போகிறது என்று எச்சரிக்க ஒரு பஸ்ஸர். 1923இல் பாரிசில் வைத்த முதல் சிக்னலில் இருந்தது ஒரே ஒரு சிவப்பு விளக்கும் ஒரு மணியும்தான். போலீஸ்காரர் கையால் இயக்கினார். அப்போது பாண்டியும் அதே பிரெஞ்சுக் குடியரசின் கீழே. அப்புறம் மஞ்சள் விளக்கு வந்தது, எல்லாம் தானியங்கி ஆனது, மணி காணாமல் போனது. வண்டி ஓட்டுபவருக்குத்தான் கண் இருக்கே, மணி எதுக்கு? அவர்களுக்காக வைத்த சத்தத்தை அவர்களுக்குத் தேவையில்லை என்றதும் எடுத்துவிட்டார்கள். ரோட்டோரத்தில் நிற்பவரை யாரும் கேட்கவில்லை.

அதே பாரிசில், கார்கள் பெருகப் பெருகப் பார்வையற்றவர்கள் தெருவைக் கடக்கப் பட்ட பாட்டை ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கில்லி தெர்பெமோன். போலீஸ்காரர் கையில் வெள்ளைத் தடி இருக்கே, பார்வையற்றவர் கையிலும் அப்படி ஒன்று இருந்தால் ஓட்டுபவர்கள் நிறுத்துவார்களே என்று தோன்றியிருக்கிறது. 1930 நவம்பரில் ஒரு பாரிஸ் பத்திரிகைக்கு எழுதினார். 1931 பிப்ரவரி 7இல் விழா வைத்து முதல் இரண்டு வெள்ளைக் கோல்களைக் கொடுத்தார். (1921லேயே இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் தன் கைத்தடிக்கு வெள்ளையடித்துக்கொண்டார். ஆனால் அதை ஊரறியச் செய்தது பாரிஸ்தான்.) அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

சத்தம் சிக்னலுக்குத் திரும்பி வந்ததில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு. அங்கே ஆளுக்கொரு சத்தம் வைத்துக் குழப்பியதால் 1975இல் ரெண்டு மெட்டும் ரெண்டு பறவைச் சத்தமும் போதும் என்று வரையறுத்தார்கள். ஒரு திசைக்குக் கோழிக்குஞ்சு, குறுக்குத் திசைக்குக் குயில். எந்தப் பக்கம் பச்சை என்பது காதிலேயே தெரிந்துவிடும். நம்ம கட்டம் போட்ட ஊருக்குன்னே செய்த மாதிரி இல்லை?

ஆஸ்திரேலியாவின் பொத்தான் இன்னும் கில்லாடி. லூயி சாலிஸ் என்ற ஒலிப் பொறியாளர் உருவாக்கியது, 1980களில் பரவியது. காத்திருக்கும்போது மெதுவா 'டக்... டக்', பச்சை வந்ததும் வேகமா 'டடடட'. சுற்றிலும் இரைச்சல் கூடினால் தானே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். (நம்ம ஹாரனுக்கு ஈடு கொடுக்குமா என்பது வேறு விஷயம் :-)) பொத்தானில் கை வைத்தால் அதிர்வும் தெரியும் என்பதால் கண், காது இரண்டுமே இல்லாதவருக்கும் உதவும். பிரிட்டனில் அதைவிட எளிமை. பொத்தான் பெட்டிக்கு அடியில் சின்னக் கூம்பு, பச்சை வந்தால் விரலுக்கடியில் சுழலும். பல பேர் தினமும் அந்தப் பெட்டியை அழுத்தினாலும் அடியில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம்.

சத்தம் மட்டும் போதாது. சக்கர நாற்காலிக்காரருக்கு நடைபாதை ஓரத்தைச் சரித்துக் கொடுக்கணும். ஆனால் அப்படிச் சரித்தால், கோலால் விளிம்பைத் தட்டி 'இதோ ரோடு' என்று தெரிந்துகொள்பவருக்கு விளிம்பே இருக்காது! ஒருத்தருக்குச் செய்த வசதி இன்னொருத்தருக்கு ஆபத்து. இதற்கு மருந்து, காலுக்குத் தட்டுப்படும் புள்ளி வைத்த மஞ்சள் கல். 1965இல் ஜப்பானின் செய்இச்சி மியாகே கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18இல் ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்து ரோட்டில் முதலில் பதித்தார்கள். நம்மூரிலும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீங்க. நேரா கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிடும் இடங்களையும் பார்த்திருப்பீங்க.

சரி, இந்தியாவுக்குச் சட்டம் இல்லையா? இருந்ததுங்க. 1995ஆம் வருஷச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது: சிக்னலில் ஒலி, நடைபாதை ஓரத்தில் சரிவு, ஜீப்ரா கோட்டில் காலுக்குத் தெரியும் பொறிப்பு. அது நடைமுறைக்கு வந்த நாள் 1996 பிப்ரவரி 7. பாரிசில் வெள்ளைக் கோல் கொடுத்த அதே தேதி! தற்செயல்தான், ஆனா படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுது. அடுத்த வரியைப் பார்த்ததும் அடங்கிடுச்சு. 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு வாசகம். அதுக்குப் பின்னாடி யாரும் ஒளிஞ்சுக்கலாம்.

2016 சட்டம் பல விஷயங்களில் ரொம்ப நல்ல சட்டம். ஆனா இந்த விஷயத்தில் 41ஆம் பிரிவில் 'அணுகத்தக்க சாலைகள்' என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டது. ஒலி சிக்னல் என்ற சொல் சட்டத்திலிருந்து வழிகாட்டிக் குறிப்புகளுக்கு இறங்கிப்போனது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கில்தான், 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது: வழிகாட்டி என்று பேசிக்கொண்டிருந்தால் போதாது, மீற முடியாத விதிகளாக எழுதுங்கள், மூணு மாசம் டைம் என்று. வழக்குப் போட்டு பத்தொன்பது வருஷம்.

நேரக் கணக்கும் இருக்கு. ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் வழக்கமாக சிக்னல் நேரம் போடுவார்கள். நான் கடக்கிற ரோடு என் காலடிக் கணக்கில் 12 மீட்டர். பத்து நொடி. தாத்தாவை நடக்கவிட்டு எண்ணினேன், பதினாறு. அமெரிக்காவில் 2009லேயே இந்த வேகத்தைக் குறைத்து எழுதிவிட்டார்கள். எங்க சிக்னலில் நடப்பவருக்கென்று தனியா பச்சையே கிடையாது, அதனால் பத்தா பதினாறா என்ற சண்டைக்கே இடமில்லை.

இப்போ ஞாயிற்றுக்கிழமை நானும் தாத்தாவும் சேர்ந்து போகிறோம். என் தோளில் கை வைத்துக்கொள்வார். மார்க்கெட்டில் பேரம் பேசும்போது மட்டும் "நீ தள்ளி நில்லுப்பா" என்பார். ரிமோட் அவர் வீட்டுச் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. போன வாரம் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன்.