கும்பஸ்: கூரையின் பெயர் கல்லறைக்கு வந்த கதை

மைசூரிலிருந்து பெங்களூரு சாலையில் 15 கிலோமீட்டர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம். அந்தத் தீவின் கிழக்கே, கஞ்சாம் பக்கம், மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மனைவி ஃபாத்திமா ஃபக்ருன்னிசாவும் மகன் திப்பு சுல்தானும் ஒரே கூரையின் கீழ் அடங்கியிருக்கிறார்கள். ஊர் மக்கள் அந்தக் கட்டடத்தை 'கும்பஸ்' என்பார்கள். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குக் குவிமாடம் என்றுதான் பொருள். மேலே இருக்கும் கூரையின் பெயர், கீழே இருக்கும் அடக்கத்தலத்துக்கு எப்படி வந்தது?

பாரசீகத்தில் 'கும்பத்', 'கும்பஸ்' என இரு வடிவமும் உண்டு. இந்தச் சொல் தெற்கே வந்தபோது கன்னடத்தில் 'கும்மட்ட' என்றும் தெலுங்கிலும் தமிழிலும் 'கும்மட்டம்' என்றும் ஆயிற்று. விஜயபுராவில் முகமது ஆதில் ஷா அடங்கியிருக்கும் கோல் கும்பஸைக் கன்னடர்கள் 'கோல கும்மட்ட' என்றே சொல்கிறார்கள். தமிழில் கும்மட்டம் கூரையோடு நின்றுவிட்டது. கல்லறை என்ற பொருள் அதற்கு ஏறவில்லை.

கல்லறை என்ற பொருள் பாரசீக மண்ணிலேயே பிறந்தது. வட ஈரானில் 1006இல் எழுப்பப்பட்ட காபூஸ் மன்னரின் நினைவுக் கோபுரத்துக்கு 'கும்பத்-ஏ-காபூஸ்' என்று பெயர். 53 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் இருப்பது கூம்புக் கூரை. உருண்ட குவிமாடம் அங்கே இல்லை. ஆனாலும் அது கும்பத்தான். அரபியின் 'குப்பா'வும் இதே வழியில் நடந்தது. வட ஆப்பிரிக்காவில் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தையே 'குப்பா' என்பார்கள்.

ஆனால் அடக்கத்துக்கு இஸ்லாமிய மார்க்கம் கேட்பதோ மிகக் குறைவு. குழி வெட்டி, கஃபன் துணியில் சுற்றிய மையித்தை (இறந்தவர் உடலை) முகம் கிப்லாவை (மக்கா திசையை) நோக்கும்படி வலப்பக்கமாகக் கிடத்தி, மண்ணைத் தள்ளி மூடினால் அதுவே கப்ரு. மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் தமிழக மையவாடிகளில் கப்ருகள் தெற்கு வடக்காக நீள்கின்றன. கப்ரின் மேல் சுண்ணம் பூசுவதையும் கட்டடம் எழுப்புவதையும் நபிமொழி தடுக்கிறது என்று எடுத்துக்காட்டுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இறைநேசர்களின் அடக்கத்தலங்களில் ஜியாரத் (தரிசனம்) செய்து துஆ (பிரார்த்தனை) கேட்பதைப் பக்தியின் ஒரு பகுதியாகக் கொள்வோரும் உண்டு. 'கப்ரு' என்ற சொல் குழியைச் சொல்கிறது. 'கும்பஸ்' என்பது, பிரிந்தவர் மேல் உயிரோடிருப்பவர்கள் எழுப்பியதைச் சொல்கிறது. மார்க்கத்தின் கட்டளை முதல் சொல்லில் இருக்கிறது. மனிதரின் பாசம் இரண்டாவதில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஹைதர் 1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூருக்கு அருகே, போர் முகாமில் இறந்தார். உடலை முதலில் கோலாரில் அடக்கம் செய்து, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள லால்பாக் தோட்டத்தின் நடுவே தந்தைக்காகத் திப்பு எழுப்பிய கட்டடம் 1784இல் முடிந்தது. உயர்ந்த மேடை, சுற்றிலும் 36 கருங்கல் தூண்கள். முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியவை. கதவுகளில் தந்தம் இழைத்திருக்கிறார்கள்; இப்போதுள்ள கதவுகள் பின்னாளில் டல்ஹவுசி பிரபு கொடுத்தவை. உள்ளே போனால் சுவர் முழுக்கப் புலிவரி. திப்பு தன் படைவீரர்களின் உடையில் இட்ட அதே கோடுகளைத் தந்தையின் அடக்கத்தலத்திலும் தீட்டச் செய்தார். நடுவில் ஹைதர், இருபுறமும் மனைவியும் மகனும்.

தோட்டத்துக்கு நடுவே கட்டியதிலும் ஒரு சொல்லின் வரலாறு இருக்கிறது. மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்தைத் தமிழ் முஸ்லிம்கள் 'ரவ்ளா' என்று மரியாதையோடு சொல்வார்கள். அரபியில் அதற்குத் தோட்டம், பூங்கா என்று பொருள். வடநாட்டில் அந்தச் சொல் 'ரௌஸா' ஆகி, தாஜ்மகாலுக்கும் பெயரானது. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய இடம் 'தர்கா'. பாரசீகத்தில் அது வாசல், அரசவை என்று பொருள்படும். குழி, தோட்டம், வாசல், கூரை என்று நான்கு சொற்களும் நான்கு பக்கமிருந்து வந்து ஒரே இடத்துக்குப் பெயராகின்றன. இவற்றில் ஒன்றுகூடச் சாவைப் பெயரில் சுமக்கவில்லை.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. திப்பு களத்தில் மாண்டார். மறுநாள் மாலை ஆங்கிலேயப் படையின் மரியாதையோடு அவர் உடல் இங்கே வந்தது. தந்தைக்குக் கட்டியதிலேயே மகனுக்கும் இடம் கிடைத்தது. மிஞ்சிய குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் வேலூரிலேயே அடக்கமாயினர்.

ஒவ்வோர் ஆண்டும் துல்கஅதா மாதத்தில் கும்பஸில் திப்புவுக்கு உரூஸ் நடக்கிறது. 'உர்ஸ்' என்றால் அரபியில் திருமணம். இறைநேசர் இறைவனோடு சேர்ந்த நாள் என்று கருதி அவர்களின் நினைவு நாளுக்கு இட்ட பெயர் அது. திப்பு சூஃபி அல்லர், நாடாண்டவர். போர்க்களத்தில் மாண்டதால் மக்கள் அவரை ஷஹீத் (உயிர்த்தியாகி) என்று போற்றினார்கள். இறைநேசருக்குரிய உரூஸ் என்ற சொல்லை ஸ்ரீரங்கப்பட்டணம் தன் சுல்தானுக்கும் கொடுத்திருக்கிறது.