வாகனத் திருட்டும் காவல்துறையின் முன்னுரிமையும்: கடலூர், சிதம்பரம்

தமிழகக் காவல்துறை சொத்துக் குற்றங்களை ஆதாயக் கொலை, கூட்டுக்கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு எனக் கடுமையின்படி வரிசைப்படுத்துகிறது. டூவீலர் களவு இதில் கடைசி வகைக்குள் அடங்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டுகிறது. தெருவோரம் நின்ற பைக்கைத் திருடி முதல்முறை தண்டனை பெறுபவருக்கு 303(2) பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை. இரவில் பூட்டை உடைத்து வீடு புகுந்து திருடியவருக்கு 14 ஆண்டு வரை. ஒரே இரவில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு நகையும் கடைத்தெருவில் ஒரு பைக்கும் களவு போனால், மோப்ப நாயும் கைரேகை நிபுணரும் போவது பெரும்பாலும் வீட்டுக்குத்தான்.

ஆனால் வாகனத்துக்கு நகைக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. கடலூரின் டிஎன் 31, சிதம்பரத்தின் டிஎன் 91 பதிவெண் பலகைகளைக் கழற்றி எறியலாம். சேஸிஸிலும் என்ஜினிலும் பொறித்த எண்களை ராவினாலும் தடம் தெரியும். உருக்கிய சங்கிலியில் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் வண்டியை நிறுத்தி ஆர்.சி. புத்தகம் கேட்பதே இங்கு பாதிப் புலனாய்வு. வாகனத் தணிக்கையில் ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொல்லிச் சிக்கினால், பல நிலையங்களின் பழைய வழக்குகள் சேர்ந்தே முடிவதுண்டு.

ஊரின் இருப்பிடமும் முக்கியம். கடலூருக்கு வடக்கே முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். புதுச்சேரி மதுவைத் தடுக்க ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் நடக்கும் தணிக்கையில் திருட்டு வண்டியும் மாட்ட வாய்ப்புண்டு.

வண்டித் திருட்டில் வழக்குப் பதிவாவதற்குக் காப்பீடும் ஒரு காரணம். எஃப்.ஐ.ஆர். நகலும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றும் இல்லாமல் இழப்பீடு கிடைப்பது கடினம். எனவே வண்டி கிடைக்கும் நம்பிக்கை இல்லாதவரும் வழக்குப் பதியும்வரை விடுவதில்லை. எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடையாளம் இருந்தால் தேட முடியும் என்பதற்கு இம்மாவட்டத்தின் பெரிய சான்று விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரர் கற்சிலையை, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலைகளுக்கென்றே தமிழகத்தில் 1983 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது.

பழைய சைக்கிளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடுபவர் அதைத் திருப்பித் தந்தால் புதிய சட்டம் சமூக சேவையோடு விடுகிறது. இத்தகைய திருட்டைப் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றமாகவும் வகைப்படுத்துகிறது. நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் இதைப் புலனாய்வு செய்ய இயலாது. மீன் விற்கவும் கட்டட வேலைக்கும் சைக்கிளையே மிதித்துப் போகிறவருக்கு அந்த இழப்பு ஒரு பைக்கின் இழப்பைவிடப் பெரிது. சட்டத்தின் அளவுகோல் அதை எடைபோடவில்லை.

மீட்கப்பட்ட வண்டி நிலைய வாசலில் துருப்பிடிக்கக் கூடாது என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. படம் எடுத்து, பிணைப்பத்திரம் பெற்று, நடுவர் உத்தரவின்பேரில் உரியவரிடம் விரைவாக ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் வழிகாட்டல்.