ரெமுட்டாக்கா மலையில் ஏறிய ரயில்



மலை ஏறும் ரயில் என்றதும் நமக்குப் பினாங்குக் கொடிமலைதான் நினைவுக்கு வரும். 1923-ஆம் ஆண்டு அந்த ரயில் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. அங்கே பெட்டியை இரும்புக் கயிறு மேலே இழுக்கிறது. கயிறு ஏதும் இல்லாமல், ஆட்களும் சரக்கும் நிறைந்த பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு எஞ்சினே தன் பலத்தால் செங்குத்தான மலையில் ஏற வேண்டுமென்றால் என்ன செய்வது?

அப்படி ஒரு ரயில் நியூசிலாந்தில் 77 ஆண்டுகள் ஓடியது. இன்று அது இல்லை. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆயினும் ரயில் மீது பிரியம் கொண்டவர்கள் அந்த வெறும் பாதையைத் தேடி வந்து, மணிக்கணக்கில் நடந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டன். அதற்கு வடகிழக்கே வைராராப்பா என்னும் வளமான சமவெளி இருக்கிறது. ஆடு மாடு வளர்ப்பவர்கள் நிறைந்த பகுதி அது. நகருக்கும் சமவெளிக்கும் இடையே ரெமுட்டாக்கா மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. ரயில் போட வந்த பொறியாளர்களுக்கு வெலிங்டன் பக்கத்துச் சரிவு அவ்வளவு தொல்லை தரவில்லை. மறுபக்கம்தான் மலைக்க வைத்தது. சம்மிட் என்ற உச்சி நிலையத்திலிருந்து அடிவாரத்துக் கிராஸ் கிரீக் வரை தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்திற்குள் பாதை 260 மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். பல இடங்களில் 15 அடி முன்னே போனால் 1 அடி ஏற வேண்டும். நடந்து போகிற நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் ஏறுமா? நின்ற இடத்திலேயே சுழன்று வழுக்கும்.

இதற்கு ஜான் பெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வழக்கமான இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, அவற்றைவிட உயரமாக, மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டார். எஞ்சினின் அடியில் படுக்கை வாட்டத்தில் கூடுதல் சக்கரங்களைப் பொருத்தினார். அவை நடுத்தண்டவாளத்தை இரு பக்கமிருந்தும் அழுத்திப் பிடித்தபடி சுழலும். நம் தோட்டங்களில் கள் இறக்கும் மரமேறியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவர் இரு பாதங்களாலும் தென்னையைக் கவ்விக்கொண்டு ஏறுவார். அதே முறைதான் இது.

இந்த ஏற்பாடு முதலில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் செனி மலையில் 1868 முதல் 1871 வரை பயன்பட்டது. அங்கே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்ததும் அந்த ரயில் நின்றுபோனது. ரெமுட்டாக்காவில் 1878 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. இதற்காகவே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து நான்கு எஞ்சின்கள் வந்தன. பின்னர் மேலும் இரண்டு வந்தன. அந்த ஆறு எஞ்சின்களே 1955 வரை அந்த மலையில் உழைத்தன.

ரயில் ஏறுவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பாரமான ரயில் என்றால் ஓர் எஞ்சின் போதாது. நான்கு, ஐந்துகூடத் தேவைப்படும். எல்லாவற்றையும் முன்னால் கட்டினால், அத்தனை பாரத்தையும் தாங்க முடியாமல் பெட்டிகளை இணைக்கும் கொக்கி அறுந்துபோகும். ஆகவே, சில பெட்டிகளுக்கு ஒன்றாக எஞ்சின்களை இடையிடையே கோப்பார்கள். ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் ரயில் ஊர்ந்து செல்லும். வழியிலே குகைப்பாதைகள். உச்சியில் இருப்பது ஏறக்குறைய 576 மீட்டர் நீளம். அதற்குள் இத்தனை எஞ்சின்கள் கரி எரித்துக்கொண்டு நுழைந்தால், டிரைவர்களும் கரி அள்ளிப் போடுகிறவர்களும் எந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள்?

இறங்குவதும் எளிதல்ல. நடுத்தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பெட்டிகளை ரயிலில் சேர்ப்பார்கள். பிரேக்கை இறுக்கிவிடுகிற ஆளின் கையில்தான் எல்லார் உயிரும் இருக்கும்.

அந்தப் பாதையில் ஒரு வளைவுக்குச் சைபீரியா என்று பெயர். மலை இடுக்கின் வழியே அங்கே காற்று அப்படிச் சீறி வரும். 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், பயணிகளோடு ஏறிக்கொண்டிருந்த ரயிலின் பெட்டிகளைக் காற்று தடத்திலிருந்தே தூக்கிச் சரிவில் தள்ளிவிட்டது. எஞ்சின் மட்டும் நடுத்தண்டவாளத்தைப் பிடித்தபடி நின்றது. அந்தப் பிடிதான் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டு விழாமல் தடுத்தது. அப்படியும் குழந்தைகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே அங்கே காற்றைத் தடுக்க வலுவான மரவேலிகள் எழுந்தன. வேலைக்கும் பயணத்துக்கும் பாதுகாப்பு, உயிர் போன பிறகுதான் வருகிறது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான கதை போலும்.

அடிவாரத்தில் கிராஸ் கிரீக் என்ற குடியிருப்பு இருந்தது. எஞ்சின் கொட்டகை, தொழிலாளர் வீடுகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கூடிப் பேச ஒரு மண்டபம் எல்லாம் இருந்தன. அந்த ஊருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ரயில் இருந்தது; அதனால் ஊர் இருந்தது. அப்பா எஞ்சினுக்குப் போவார். பிள்ளைகள் எஞ்சினின் ஊதல் கேட்டு நேரத்தை அறிந்திருப்பார்கள். தோட்டத்து லயத்தில் தண்டு அடிக்கும் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு இத்தனை எஞ்சின்களும் இத்தனை ஆட்களும் என்றால் செலவு கட்டுபடியாகவில்லை. மலையைக் குடைந்து 8.8 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்தார்கள். 1955 அக்டோபர் இறுதியில் மலைப்பாதை மூடப்பட்டது. நவம்பர் 3-ஆம் நாள் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பயணம் சுருங்கியது, ஆபத்தும் நீங்கியது. நல்ல காரியம்தான். ஆனால், கிராஸ் கிரீக்கிற்கு இனி வேலை இல்லை. வீடுகள் அகற்றப்பட்டன. ஓர் ஊர் வரைபடத்திலிருந்தே மறைந்தது.

ஆறு எஞ்சின்களில் ஐந்து இரும்புக் கடைக்குப் போயின. எச் 199 என்ற ஒன்று மட்டும் பக்கத்துப் பெதர்ஸ்டன் ஊரில், சிறுவர் விளையாடும் இடத்தில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள். வெயிலும் மழையும் அதைத் தின்றன. 1980-ஆம் ஆண்டளவில் ஊர் மக்களே ஒன்றுகூடினார்கள். துருவைச் சுரண்டினார்கள், காணாமல் போன பாகங்களைச் செய்து பொருத்தினார்கள், 1984-இல் அதற்கென ஓர் அரும்பொருட்காட்சி சாலையையும் திறந்தார்கள். ஜான் பெல் முறையில் ஓடிய எஞ்சின்களில் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1987-இல் பழைய பாதையும் நடைபாதையாகத் திறக்கப்பட்டது.

இன்று அங்கே செல்பவர் கையில் விளக்கோடு குகைப்பாதையில் நுழைகிறார். சைபீரியா வளைவில் நின்றால் காற்று இன்றும் அடிக்கிறது. பழைய கரையை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. கிராஸ் கிரீக்கில் வெறும் புல்வெளி. ஆனால், அந்தப் புல்வெளியில் யார் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை யாரோ எழுதி வைத்தார்கள். படங்களைச் சேர்த்து வைத்தார்கள். அதனால்தான் வருபவர்களுக்கு அது வெறும் புல்வெளியாகத் தெரியவில்லை.

ரெமுட்டாக்கா என்ற மாவோரிப் பெயருக்கு ‘உட்கார்ந்து இளைப்பாறுதல்’ என்பது பொருள். முன்னோர் ஒருவர் அந்த மலையில் அமர்ந்து இளைப்பாறியதால் வந்த பெயர் என்பார்கள்.

நேயர்களே, நம்மிலும் எத்தனையோ பேருடைய தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போய்விட்டன. லயம் இருந்த இடத்தில் இன்று வேறு ஏதோ நிற்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்று மாலை அவர்கள் அருகில் சற்று உட்காருங்கள். பெரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆலயத்தை யார் கட்டினார்கள், எத்தனை மணிக்கு மரம் வெட்டப் போனார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். பால் வெட்டிய கத்தி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெதர்ஸ்டன் மக்களும் துருவைச் சுரண்டுவதில்தான் தொடங்கினார்கள்.