சாங் கஞ்சில்: மலேசியாவின் முதல் அனிமேஷன் நாயகன்

முயல் அளவுதான் இருக்கும். ஆனா முதலைகளையே ஏமாத்திடும்! "அரசர் விருந்து வைக்கிறார், உங்களை எண்ணணும், வரிசையா நில்லுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு முதலையின் முதுகிலும் தாவி ஆற்றைக் கடந்துவிடும். அதுதான் மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் சருகுமான், சாங் கஞ்சில்.

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமும் அதைப் பற்றியதுதான். பெயர் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. 1983இல் ஒளிபரப்பானது.

உருவாக்கியவர் யார் தெரியுமா? ஃபிலெம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர்.

அப்போது கணினி உதவிக்கு இல்லை. திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடும். சருகுமான் ஒரு தாவு தாவணும்னா, அதன் அசைவுகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே வரையணும்.

அடுத்த முறை உப்பின் இப்பின் பார்க்கும்போது, இந்தப் பெயரையும் நினைச்சுக்கோங்க: ஆனந்தம் சேவியர்.